வாசற்படிச் சனிக்கிழமை

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் இருக்கும் அந்தச் சின்னச் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கே திருவிருந்து. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையில் ஆயத்த ஆராதனை. அது முடிந்ததும் யாரும் நேராகத் தங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்கள் வீட்டு வாசற்படியில் போய் நிற்க வேண்டும். செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் “உள்ள வாங்க” என்று சொல்கிறவரை படியைத் தாண்டக் கூடாது. படி ஏறாமல் மறுநாள் அப்பத்தைத் தொடுகிறவன் தன் தலையில் தானே நியாயத்தீர்ப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறான் என்று அந்தச் சபை நம்பியது.

நல்ல வழக்கம்தான். ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே, எந்த நல்ல வழக்கத்திலும் தப்பித்து ஓட ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவார்கள். கோகிலவாணி கண்டுபிடித்த சந்து கொஞ்சம் விசாலமானது. பதினான்கு வருடமாக ஒரு வாசற்படிச் சனிக்கிழமையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அவள் கோழி அடுத்த வீட்டுச் சாமையைக் கொத்தியதற்கு ஒரு படி. பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி சுருதி தப்பிப் பாடியபோது முகம் சுளித்ததற்கு ஒரு படி. வேலியோரம் விழுந்து கிடந்த பலாப்பழத்தை யாருடையது என்று கேட்காமல் எடுத்ததற்குக் கண்ணீரோடு ஒரு படி. ஒரே சனிக்கிழமையில் ஆறு படி ஏறியதும் உண்டு. “இந்தம்மா ஏறின படிக்கு மோட்சத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்று சபையில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது. ஐம்பத்தாறு வயது, கணவன் போய் மூன்று வருடம். அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஜெபிக்கக் கூப்பிடுவது அவளைத்தான்.

ஏற வேண்டிய ஒரு படியை மட்டும் அவள் ஏறவே இல்லை.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மணிவண்ணன் போதகர் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்பார்.

“மனந்திரும்பறதை நாளைக்கு வெச்சுக்கலாம்னு நினைக்கிறோம். நாளைக்குன்னு ஒண்ணு நம்ம கையில இருக்குதுங்களா? யாராச்சும் பார்த்திருக்கீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. கோகிலவாணி முன்வரிசையில் தலையை ஆட்டினாள். ஆட்டுவது அவளுக்குப் பழக்கம்.

“திண்ணனூர் நாட்டுல அண்ணாமலைன்னு ஒருத்தர் இருக்காருங்க. தேன் எடுக்கறவரு. பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். முன்ன இந்தப் பக்கம்தான் இருந்தாராம். இப்ப நுரையீரல்ல நோவு, ஆஸ்பத்திரியில ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. நேத்து போயிப் பார்த்தேன். ‘தேனுக்குப் பொகை போடற எம் பந்தத்துல இருந்து உழுந்த பொறிதானுங்க எம் பையனை எரிச்சுப் போடுச்சு, எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டுங்களா’ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாருங்க. உண்டுன்னு சொன்னேன். நாளைக்குத் திருவிருந்து முடிஞ்சதும் போயி ஞானஸ்நானம் குடுக்கப் போறேன். அதுவரைக்கும் உசுரு தங்கோணும், ஜெபம் பண்ணிக்குங்க. ஒரு பாவி மனந்திரும்பிட்டாருங்க.”

சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. கோகிலவாணிக்கு வாய் திறக்கவில்லை. அண்ணாமலையின் பந்தத்திலிருந்து எந்தப் பொறியும் விழுந்து எதுவும் எரியவில்லை. அந்த நெருப்பை வைத்தவள் அவள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம். அவள் பயிர் செய்கிற காடு ஒரு சரிவின் அடியில் இருந்தது. மேலே இடுப்பளவு காய்ந்த புல். அதற்கும் மேலே தேன்பாறை. விதைப்புக்கு முன்னால் காட்டோரத்து முள்ளையும் சருகையும் குவித்து எரிப்பது எல்லோரும் செய்கிற வேலை. விடியற்காலையில், காற்று எழும்புவதற்குள், இரண்டு ஆள் பச்சைத் தழையோடு காவல் நின்று எரிப்பார்கள். மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அவசரத்தில் அவள் தனியாக, மத்தியானம் மூன்று மணிக்குக் கொளுத்தினாள். காற்று வந்தது. நெருப்பு வரப்பைத் தாண்டிப் புல்லில் ஏறியது.

அதே நேரம் அண்ணாமலை பாறையின் மறுபக்கத்தில் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கண்ணெல்லாம் புகையாகத் தேன் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையாக வந்திருந்த பதினேழு வயது மகன் இளங்கோ நெருப்பில் அகப்பட்டுக்கொண்டான். தகப்பன் ஏறி வந்து பார்க்கும்போது சரிவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. தேன் எடுக்கிறவர்கள் வேலை முடிந்ததும் புகைப் பந்தத்தைப் பாறையில் அடித்து உதறுவார்கள். பொறி கீழே கொட்டும். மலையில் எத்தனையோ தீ அப்படிப் பிடித்திருக்கிறது. அதனால் ஊருக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. உண்மையில் ஊர் சொல்வதற்கு முன்னால் அண்ணாமலையே சொல்லிவிட்டார். “எம் பொறிதான், எம் பொறிதான்” என்று மண்ணில் தலையை மோதிக்கொண்டார். கூட்டத்தில் நின்று அதைக் கோகிலவாணி கேட்டாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தாள். கல்யாணம் முடிந்து மகளுக்குப் பிரசவம் வந்தது. அதற்குள் அண்ணாமலை அந்தச் சரிவைப் பார்க்கச் சகிக்காமல் திண்ணனூர் நாட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். மனதின் அரிப்புத் தாங்காமல் அவள் ஜெபிக்க ஆரம்பித்தாள். ஜெபிக்க ஜெபிக்க நல்ல பேர் வளர்ந்தது. நல்ல பேர் வளர வளரச் சொல்வது கஷ்டமாயிற்று. நான் பொய் சொல்லவில்லையே, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று ஆண்டவரிடமே பல தடவை விளக்கியிருக்கிறாள். முழங்கால் காய்த்துப் போகிற அளவுக்கு அழுதும் இருக்கிறாள். ஆண்டவரிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. அவர் ஊரில் போய்ச் சொல்லமாட்டார்.

இப்போது அந்த மனிதர் அவளுடைய பாவத்தைத் தன் பாவம் என்று நம்பிக்கொண்டு நியாயாசனத்துக்கு முன்னால் நிற்கப் போகிறார். ஏற்கெனவே ஒருவர் சிலுவையில் சுமந்தது போதாதென்று அவள் இன்னொரு ஆளையும் சுமக்க வைத்திருக்கிறாள். அவருக்குப் பின்னால் ஒருநாள் அவளும் அதே இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போய் எந்தக் கோழியைப் பற்றிச் சொல்வாள்?

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஓடினாள்.

“ஐயா, அந்த நெருப்பு அண்ணாமலை வெச்சது இல்லீங்க. நான் வெச்சது.”

போதகர் அவளையே பார்த்தார். அவர் மலைக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அந்தத் தீயை அவர் பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியது.

“அம்மா, அவரு பாரத்தை நீங்க வாங்கிச் சொமக்கோணும்னு நினைக்கறீங்க பாருங்க. இந்த மனசு யாருக்குங்க வரும்?”

“ஐயா, நெசமாவே நானுங்க.”

“ஒரு வகையில பார்த்தா நம்ம எல்லாருமே குத்தவாளிகதானுங்கம்மா.”

போதகர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எதைச் சொன்னாலும் அதில் ஒரு பிரசங்கம் பார்த்துவிடுவார்கள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பலாப்பழத்துக்கு அழுதவள் வந்து இதைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? சொன்னால் என்ன ஆகும் என்றுதான் கோகிலவாணி பதினான்கு வருடமாகப் பயந்திருந்தாள். சொல்லியும் யாரும் நம்பாமல் போகலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“நாளைக்கு என்கூட வாங்கம்மா, சேர்ந்து போயிப் பார்க்கலாம்” என்றார் போதகர்.

“நாளைக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களான்னு நீங்கதானுங்களே கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கினாள்.

மத்தியானப் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது நாலரைக்கு. சபைக்கு வெளியே அங்கன்வாடி டீச்சர் கவிதா ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“திண்ணனூர் நாட்டுக்குப் போவோணும், கண்ணு. படி ஏறோணும்.”

“அத்தனை தூரத்துல யாருங்க பெரியம்மா உங்களுக்கு? போன தடவை பலாப்பழம். இந்தத் தடவை என்னங்க, கோழிங்களா?” கவிதா சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

வாயைத் திறந்தால் இந்தப் பெண்ணும் உச்சுக்கொட்டி, ‘உங்க மனசு யாருக்கு வரும்’ என்று சொல்லிவிடுவாளோ என்று கோகிலவாணிக்குப் பயமாக இருந்தது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போயிற்று. மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கவிதா மெதுவாக ஓட்டினாள். மெதுவாகத்தான் ஓட்ட முடியும் என்று தெரிந்தும் கோகிலவாணிக்கு அவள் முதுகில் குத்த வேண்டும்போல் இருந்தது. ஆண்டவரே, அவரை வெச்சிருங்க, ரெண்டு மணி நேரம், ஒரு மணி நேரம், நான் போய்ச் சேர்ற வரைக்கும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தாள். பதினான்கு வருடம் கொடுத்தவரிடம் ஒரு மணி நேரம் கேட்க வெட்கமாக இல்லையா என்று அவளுக்கே கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

ரோடு முடிகிற இடத்தில் கவிதா இறக்கிவிட்டாள். வீட்டில் கைக்குழந்தையை விட்டு வந்தவள், உடனே திரும்பிவிட்டாள். அங்கிருந்து அண்ணாமலை குடியிருக்கும் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். மரவள்ளிக் காட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. கோகிலவாணி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கவும் நிற்கவில்லை.

தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு. வாசலில் ஒரு ஆட்டைக் கட்டிப் போட்டு அண்ணாமலையின் மனைவி ருக்குமணி அதற்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான, வெளுத்துப் போன முகம். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பினாள்.

“ஆடே, யாரோ பார்க்க வந்திருக்காங்கன்னு உள்ள சொல்லு” என்றாள்.

அது விளையாட்டு இல்லை. மகன் செத்த நாளிலிருந்து ருக்குமணி புருஷனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், இந்த இரண்டு மாதமாகக் குழந்தையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி எடுத்துக் கழுவியும் விட்டாள். சொல்ல வேண்டியது இருந்தால் ஆட்டிடம் சொல்வாள். ஆடு செத்தால் அடுத்த ஆடு. கோகிலவாணி இதைப் பெண்கள் கூட்டத்தில் கேள்விப்பட்டு, அந்தத் தம்பதிக்காக ஜெபமும் செய்திருக்கிறாள்.

அவள் போய் வாசற்படியில் நின்றாள்.

“யாருங்க? உள்ள வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் என்று சொல்வதைவிட மூச்சு என்று சொல்லலாம்.

இங்கே யாருக்கும் அந்தச் சபையின் வழக்கம் தெரியாது. ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டது எதற்கு ஆகும்? “இருங்க, சொல்லிட்டு வாரேன்” என்று படியிலேயே நின்றாள். கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தவரைப் பார்த்துச் சொன்னாள். பங்குனி மாதம், மத்தியானம் மூன்று மணி, முள்ளுக் குவியல், தீப்பெட்டி, காற்று. மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“உங்க பொறி இல்லீங்க அண்ணா. நான் வெச்ச நெருப்புங்க.”

அண்ணாமலை கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சிரித்தார்.

“சபை ஐயரு அனுப்புனாருங்களா, அம்மிணி?”

“இல்லீங்க.”

“நீங்க வாழவந்தியில ஜெபம் பண்றவங்கதானுங்களே. கேள்விப்பட்டிருக்கேன். நல்லவங்க. போறவன் மனசு ஆறட்டும்னு இத்தனை தூரம் மழையில வந்து சொல்றீங்க. வேண்டாமுங்க. நான் ஒத்துக்கிட்டாச்சு. மன்னிப்பு உண்டுன்னு ஐயரு சொல்லிட்டாரு. இப்ப போயி அதைக் கலைச்சு விட்டுறாதீங்க.”

“அண்ணா, நெசமுங்க. சத்தியமுங்க.”

“செத்த பையனுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அடுத்தவன் மேல பழி போடாம என் தப்புன்னு சொன்னேன். அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்னங்க இருக்குது?”

கோகிலவாணி நிலைக்கதவில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அவள் அழ அழ அவர் சமாதானம் சொன்னார். அழாதீங்க அம்மிணி, உங்க புண்ணியத்துல எனக்கு நல்லபடியா ஆயிரும் என்றார். இதைவிட அவர் காறித் துப்பியிருக்கலாம். அவளுக்கு மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை. அவள் தேடி வைத்த நல்ல பேரே இப்போது சுவராக நின்றது. இந்த மனிதர் இப்படியே போய்விடுவார், அவள் பாவத்தை மூட்டை கட்டிக் கையோடு கொண்டு போய்விடுவார், அதற்குப் பிறகு அழுது என்ன, உருண்டு என்ன.

“எங்க வெச்சீங்க?”

பின்னால் ருக்குமணி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒடித்த தழை அப்படியே இருந்தது.

“தேன்பாறைச் சரிவுக்கு அடியில, எங்காட்டு மேல் வரப்புலங்க.”

“அப்ப எம் பையன் எங்க இருந்தான்?”

இந்த ஒன்றைக் கோகிலவாணி ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை. எத்தனை அழுது ஜெபித்தாலும் நெருப்பு வைத்தேன், மறைத்தேன் என்ற இடத்தோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு அப்பால் இருந்ததை ஆண்டவர் கவனித்திருக்கமாட்டார் என்பதுபோல் தாண்டிப் போய்விடுவாள்.

“அந்த வரப்புக்குக் கொஞ்சம் மேல, ஊத்துக்கிட்டங்க” என்றாள். “பச்சைப் பிளாஸ்டிக் குடத்துல தண்ணி மொண்டுட்டு இருந்தான். முதுகு எம் பக்கம் இருந்துச்சு. என்னமோ பாடிட்டு இருந்தான்.”

“நீங்க கூப்பிட்டீங்களா அவனை?”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“இல்லீங்க.”

“ஏன்?”

“கூப்பிட்டா நான்தான் வெச்சேன்னு தெரிஞ்சுரும்னு நினைச்சேனுங்க. பொகையைப் பார்த்தா அவனே ஓடிருவான்னு நினைச்சேன். ஊட்டுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

ருக்குமணி அவளை அடிப்பாள் என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ருக்குமணி அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்தரையில் உட்கார்ந்தாள். தழையைக் கீழே போட்டாள்.

“ஏனுங்க” என்றாள்.

அண்ணாமலையின் தலை மெல்லத் திரும்பியது.

“ஏனுங்க, குடம் ஊத்துக்கிட்டத்தான் கெடந்துச்சு. மூணாம் நாள் நான் போயிப் பார்த்தேன். உருகிக் கல்லோட ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. மேல பாறைகிட்ட எரிஞ்சு கெடந்தவன் குடம் அத்தனை கீழ எதுக்குக் கெடக்குதுன்னு நினைச்சேன். உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். நான்தான் பேசறதில்லைன்னு வீம்புல இருந்தேனே.” அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நெருப்பு மேல இருந்து வந்திருந்தா அவன் கீழ ஓடித் தப்பிச்சிருப்பான். கீழ இருந்துதான் வந்திருக்குதுங்க. உங்க பொறி இல்லீங்க. உங்களைத் தேடித்தான் மேல ஓடியாந்திருக்கான் எஞ்சாமி.”

அண்ணாமலை நெருப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ருக்கு, நீ பேசறியா?” என்றார். அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. “இன்னும் பேசு.”

கோகிலவாணி படியில் நின்றாள். அவள் இவ்வளவு தூரம் வந்தது ஒரு வார்த்தைக்காக. மன்னிச்சேன் என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அவளும் ஒருநாள் அந்த ஆசனத்துக்கு முன்னால் கால் மடங்காமல் நிற்கலாம். கேட்டால் தருவார். கேட்காமலே தருகிற ஆள். ஆனால் அவருடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு ஒரு மூச்சு ஆகும். அந்த மூச்சு ருக்குமணியுடையது. பிள்ளையையும் எடுத்தாகிவிட்டது, பதினான்கு வருடப் பேச்சையும் எடுத்தாகிவிட்டது. இதையும் எப்படிக் கேட்பது? கேட்காமல் போனால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படியிறங்கி மழையில் போய் நின்றாள்.

உள்ளே ருக்குமணி பேசிக்கொண்டே இருந்தாள். கருப்பாடு மூன்று குட்டி போட்டது, இளங்கோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பீடி பிடித்து வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டது, அவனுக்குப் பார்த்து வைத்திருந்த அண்ணன் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் இருப்பது. சரம் சரமாக வந்தது. நடுவே ஒரு தடவை அண்ணாமலை சிரித்த சத்தமும் கேட்டது. ஆடு மழையில் கத்திக்கொண்டிருந்தது. கோகிலவாணி ஜெபிக்கப் பார்த்தாள். முதல் முறையாக அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

பிறகு உள்ளே பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ருக்குமணியின் ஓலம் அந்தச் சின்ன ஊர் முழுக்கக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

“அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

“எங்கிட்டயும் கேக்காதீங்க. இன்னிக்குக் கேக்காதீங்க. எப்பக் கேக்கலாம்னும் எனக்குத் தெரியாது.”

“சரிங்க.”

“இப்பச் சனம் வரும். வர்றவங்க ஒவ்வொருத்தரும், பெத்த மவனை எரிச்சவன் போய்ச் சேர்ந்தான்னுதான் பேசுவாங்க. அந்தப் பேச்சு இனி எங்காதுல உழுவக் கூடாது.”

அதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நியாயத்தீர்ப்பு என்றால் மேகம், எக்காளம், வெள்ளைச் சிங்காசனம் என்றுதான் கோகிலவாணி இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஒரு வாசல், சேறு, ஒரு ஆடு. இனிமேல் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு அப்பம் கிடையாது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் கேள்வி வரும். போலீசும் வரலாம். காய்ச்சல் வந்த வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். ஆண்டவர் மன்னித்தாரா இல்லையா என்று சொல்லவும் இங்கே ஒருவரும் இல்லை. ஓடிப் போய்விடலாம், ரோட்டுக்குப் போனால் நாலரைப் பஸ் கிடைக்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மனித மனம் அப்படித்தான். கடைசி நிமிடத்திலும் பஸ் நேரம் பார்க்கும்.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் சென்றாயன், பக்கத்துக் காட்டுக்காரர், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

“போயிட்டானுங்களா? பாவி மனுசன். பெத்த புள்ளைய எரிச்சுப் போட்டு இத்தனை வருசம் என்ன பாடு பட்டான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்குள் வந்தார்.

கோகிலவாணி குறுக்கே போய் நின்றாள்.

“ஏனுங்க, உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. அந்த நெருப்பு அவரு வெச்சது இல்லீங்க. நான் வெச்சதுங்க.”

சென்றாயன் அவளை உற்றுப் பார்த்தார்.

“நீங்க வாழவந்தி ஜெபக்கார அம்மாதானுங்க? எம் மருமவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப வந்தீங்களே. நல்ல மனசுங்க உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

“நல்ல மனசு இல்லீங்க. அந்தப் பையன் தண்ணி மொண்டுட்டு இருந்ததை நான் பார்த்தேன். நெருப்பு அவன் பக்கமாப் போறதையும் பார்த்தேன். கூப்பிட்டிருந்தா காது கேட்டிருக்கும். நான் கூப்பிடலீங்க. என் பேரு கெட்டுரும்னு கூப்பிடலீங்க.”

சென்றாயன் நின்றார். மழைத் தண்ணீர் சாக்கிலிருந்து அவர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கோகிலவாணி பார்த்தாள். இந்த முகத்தைத்தான் பதினான்கு வருடமாகக் கனவில் பார்த்து நடுங்கியிருக்கிறாள். அவர் தம் கையை அவள் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

மரவள்ளிக் காட்டோரம் பாதையில் இன்னும் நாலைந்து பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கோகிலவாணி அவர்களுக்கு எதிரே நடந்தாள்.